முதலில் பதிவேடு, பிறகு திறப்பு விழா: தனியார் அருங்காட்சியகம் தொடங்கும் அறக்கட்டளையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எனச் செட்டிநாடெங்கும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றை எடுத்துச் செப்பனிட்டு, அதிலுள்ள பொருள்களை மக்கள் பார்வைக்கு வைக்க நினைக்கும் உங்களுக்கு இந்த மடல். தஞ்சையிலோ மதுரையிலோ கொங்குப் பகுதியிலோ இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அருங்காட்சியகப் பொருள்களைப் பதிவதும் பாதுகாப்பதும் எங்கள் தொழில். நீங்கள் செய்யப்போவது பெரிய காரியம். அது நிலைக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறோம்.

பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசை இதுதான்: கட்டடம் பழுதுபார்க்கப்படும், கண்ணாடிப் பேழைகள் வரும், விளக்குகள் போடுவார்கள், திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பார்கள். "பொருள்களின் பட்டியலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் "பிறகு" வருவதேயில்லை. திறந்த மறுநாளே நிர்வாகம், நுழைவுச்சீட்டு, பள்ளிக் குழுக்கள் என்று ஆட்கள் சிதறிவிடுவார்கள். பாட்டி சொன்ன விவரமும் கணக்குப்பிள்ளை சொன்ன விவரமும் அவர்களோடு போய்விடும். எங்கள் கோரிக்கை ஒன்றே: இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடைசிப் பொருளுக்கும் எண்ணிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதி முடிக்கும்வரை திறப்பு விழாவுக்கு நாள் குறிக்காதீர்கள்.

ஒருவர் தேடிச் சேர்த்த பொருள் அவருக்குப் பின்னும் நிற்க முடியும் என்பதற்கு நம் நாட்டில் சான்றுகள் உண்டு. ஐதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் 1949-ல் மறைந்தார். அவருடைய சேகரிப்பு 1951-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1961-ல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. புனேயில் தினகர் கேல்கர் ஊர் ஊராகத் தேடிய விளக்கு, பாக்குவெட்டி, கதவு, இசைக்கருவி எல்லாம் இறந்துபோன அவர் மகன் ராஜாவின் பெயரில் இன்றும் இருக்கின்றன. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பம் 1949-ல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகம், முன்பதிவு செய்த சிறு குழுக்களை மட்டுமே உள்ளே விடுகிறது. துணி வெளிச்சத்தையும் கூட்டத்தையும் தாங்காது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா, இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திய இடம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992-ல் அவர் மறைந்தபின் சிதறிப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்க, 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகமாகின. வரிசையாகப் பட்டியலிட்டு நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) எடுத்ததால் இன்று யாரும் கேட்டுப் படிக்க முடிகிறது.

பதிவேடு என்றால் கணினி விரிதாள் மட்டும் போதாது. பக்க எண் அச்சிட்ட, கெட்டி அட்டை கட்டிய பெரிய நோட்டு ஒன்று வேண்டும். அதில் மை மங்காத கரிமப் பேனாவால் எழுத வேண்டும். தவறாக எழுதியதைச் சுரண்டவோ ஒயிட்னர் பூசவோ கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். வட்டிக்கடைப் பேரேட்டை உங்கள் முன்னோர் எழுதிய முறை இதுதான், இங்கேயும் அந்தக் கண்டிப்பு வேண்டும். விரிதாள் தேடுவதற்கு, நோட்டு சாட்சிக்கு. இரண்டின் படியும் அந்தக் கட்டடத்துக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கட்டும்.

எண் கொடுக்கும்போது ஆண்டு, வந்த தொகுதி, அதில் பொருள் என மூன்று பகுதி போதும்: 2025.14.3 என்றால் 2025-ல் பதினான்காவதாக வந்த தொகுதியின் மூன்றாவது பொருள். எண்ணுக்குள் "பித்தளை", "மரம்" என்று வகைக் குறியைச் சேர்க்காதீர்கள். வெண்கலம் என்று நினைத்தது பித்தளையாகிவிட்டால் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும், மாற்றிய எண்தான் குழப்பத்தின் தொடக்கம். மூடியோடு கூடிய செம்பு ஒரே எண்ணில் அ, ஆ என்று இருக்கட்டும். அடுக்குச் சட்டி ஏழு தட்டு என்றால் ஏழுக்கும் உட்குறி வேண்டும். ஒரு தட்டு காணாமல் போனால் அப்போதுதான் தெரியும்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதுவது தனிக் கைவேலை. உலோகம், கல், சுடுமண் என்றால் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை 100 மில்லி அசிட்டோனுக்கு 20 கிராம் வீதம் கரைத்து, அடிப்பக்கத்தில் நகம் அளவு இடத்தில் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். நன்றாக உலரட்டும். அதன்மேல் கரிம மையால் எண் எழுதி, அதுவும் உலர்ந்தபின் மேலே ஒருமுறை தூரிகையை ஒரே இழுப்பில் ஓட்டுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் மை கரைந்து பரவும். வேண்டாமென்றால் அசிட்டோனில் பஞ்சை நனைத்து எடுத்துவிடலாம். வண்ணம் பூசிய மரத்திலும் அரக்குப் பொருளிலும் இது கூடாது, அவற்றுக்கு நூலில் கட்டிய சீட்டு. துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை ஓரத்தில் இரண்டு தையலால் பிடிக்க வேண்டும். காகிதத்துக்குப் பின்பக்க மூலையில் 2பி பென்சில். நகப்பூச்சு, செல்லோடேப், ஸ்டிக்கர் மூன்றையும் அறவே விலக்குங்கள். ஸ்டிக்கரின் பசை ஓராண்டில் பித்தளையில் கறையாகப் பதியும், ஸ்டிக்கரோ உதிர்ந்து கூடத்தில் கிடக்கும்.

ஒரு பித்தளை அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்குக் கீழே உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும்: விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்), சிலவற்றில் ஊர், சிலவற்றில் ஆண்டு. சீர் வந்த பாத்திரமா, வீட்டிலேயே வாங்கியதா, எந்தப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) உரியது என்பதையெல்லாம் அந்த ஒரு வரி சொல்லிவிடும். "பித்தளை அண்டா, பெரியது" என்று எழுதிய பதிவுக்குப் பயனில்லை. வாயின் விட்டம், உயரம், எடை, பற்றவைத்த இடம், நசுங்கல், வெட்டெழுத்தின் படி, அது எந்த அறையில் எந்தப் பெட்டியில் கிடந்தது, யார் எடுத்துக் கொடுத்தார் என எல்லாம் வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சை மிகச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முன், பின், இரு பக்கம், அடிப்பக்கம் எனப் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அளவுகோலும் எண் சீட்டும் இருக்க வேண்டும்.

அந்தப் படங்கள் எதற்கு என்றால் ஸ்ரீபுரந்தான் நடராசரைச் சொல்லலாம். அரியலூர்ப் பக்கத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் வாங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டதால்தான் அடையாளம் உறுதியானது. 2014-ல் சிலை நாடு திரும்பியது. படம் இல்லாத சிலை தொலைந்தால், அது நம்முடையது என்று சொல்லக்கூட வழியிருக்காது.

இதிலிருந்தே உங்கள் சட்டப் பொறுப்பும் தொடங்குகிறது. தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள், அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். கல், உலோகம், சுடுமண், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பம், சிற்பமுள்ள மரம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி ஆகியவற்றை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் புகைப்படங்களோடு விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தின் பெயரில் இருந்த பொருள் அறக்கட்டளைக்கு வருவதும் கைமாற்றம்தான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த பானையோ காசோ என்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வருகிறது, ஆட்சியரிடம் தெரிவிக்காமல் பேழையில் வைக்கக் கூடாது. யானைத் தந்தம் வழிவழியாக வந்தது என்றாலும் வனத்துறையின் உரிமைச் சான்று வேண்டும். சான்றில்லாத தந்தத்தை அன்பளிப்பாகக்கூட வாங்காதீர்கள்.

சாமி சிலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுச் சாமியறைப் படிமங்கள் பெரும்பாலும் கைக்கு அடங்குபவை. யாராவது பெரிய செப்புத் திருமேனி ஒன்றைக் கொண்டுவந்து "எங்கள் தாத்தா காலத்தது" என்றால், முதலில் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் தண்டு செருகும் வளையமோ துளையோ இருக்கிறதா? திருவாசி பொருத்தும் முளைகள் இருக்கின்றனவா? இருந்தால் அது புறப்பாட்டுக்கு எழுந்தருளிய உற்சவராக இருக்கலாம், அதாவது கோயிலுக்கு உரியது. பீடத்தில் ஊர்ப்பெயரோ தெய்வத்தின் பெயரோ வெட்டியிருக்கலாம். ஓரிடம் மட்டும் அரத்தால் ராவி வழவழப்பாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும். இப்படிப்பட்டதை வாங்குவதும் தவறு, "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று ஏற்பதும் தவறு. காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். பழம்பொருள் கடையில் கதவோ தூணோ வாங்கினால் விற்றவர் பெயர், எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, அளவு, வேலைப்பாட்டின் விவரம் எல்லாம் எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தொல்பொருளை விற்பவர் உரிமம் பெற்றவரா என்பதையும் கேளுங்கள்.

நன்கொடை விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. செட்டிநாட்டு வீடு ஒருவருடையது அல்ல. பங்காளிகள் பலர், அவர்களில் சிலர் சென்னையில், சிலர் கோலாலம்பூரில், சிலர் அமெரிக்காவில். ஒருவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்த வெள்ளிக் கும்பாவை இன்னொருவரின் பேரன் வந்து கேட்பான். அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே சட்டப்படி தானம் செல்லும் என்றாலும், எழுத்து இல்லாவிட்டால் நிரூபிக்க முடியாது. எண்ணும் படமும் ஒட்டிய தானப் பத்திரத்தில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். "சும்மா வைத்திருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுப்போகும் பொருளுக்குத் தானப் பத்திரம் செல்லாது, அதற்கு இரவல் ஒப்பந்தம்: எத்தனை ஆண்டு, சேதமானால் யார் பொறுப்பு, முடிவில் யார் வந்து எடுக்க வேண்டும். காலம் குறிக்காத இரவலை ஏற்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வீட்டைத் துப்புரவாக்கும்போது தூண், கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் உள்ளே வருகின்றன, கணக்கேடுகள் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. இது பெரிய இழப்பு. தேக்குத் தூண் நூறு வீட்டில் இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை வட்டிக்கடைகளின் பேரேடும், ஏஜெண்டின் சம்பளச் சீட்டும், கடையிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதமும் உலகில் ஒன்றே ஒன்றுதான். தென்கிழக்கு ஆசியாவின் பணவரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அந்த ஏடுகள் மூலச் சான்று. சாக்கைப் பிரித்ததும் தூசி தட்டி அடுக்கிவிடாதீர்கள். எந்தக் கட்டோடு எந்தக் கடிதம் இருந்ததோ அந்த வரிசையே செய்தி. கட்டை அப்படியே படம் எடுத்து எண்ணிட்டு, பிறகு அவிழுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, துருவை விலக்கித் தளர்த்தி எடுக்க வேண்டும். கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் மறுபடி பிரிக்க முடியாது.

ஓலைச்சுவடியும் அதே சாமியறை அலமாரியில் இருக்கும். கயிற்றை அவிழ்க்கும்போது ஓலை துளையருகே முறியும், அதனால் கயிறு இறுகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிய பருத்திக் கயிறு போடுங்கள். மென்மையான தூரிகையால் நரம்பின் போக்கில் தூசி துடையுங்கள். விறைத்துப்போன ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி மிக மெல்லியதாகத் தடவலாம். குளிப்பாட்டுவது போல ஊற்றினால் தூசி ஒட்டி எழுத்து அடைபடும். எழுத்தில் கரி மங்கியிருந்தால் பழகிய ஆளை வைத்து மட்டும் மையிடுங்கள். இருபுறமும் படம் எடுத்தபின் மரச்சட்டத்துக்கிடையே கட்டி, பக்கத்தில் வசம்புத் துண்டை துணியில் முடிந்து வையுங்கள். எண் சட்டத்தில் இருக்கட்டும், ஓலையில் வேண்டாம்.

பாத்திரங்களுக்கும் படிமங்களுக்கும் வருவோம். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் ஆட்களை வைத்துப் புளி, எலுமிச்சை, உப்பு, செங்கல் பொடி போட்டுத் துலக்கிப் பொன்னாக்குவது வழக்கமாகிவிட்டது. புளியின் அமிலம் கறையோடு உலோகத்தையும் கரைக்கும். நாலைந்து துலக்கலில் அந்த விலாச வெட்டெழுத்து மழுங்கும். உப்பு நுண்துளைகளில் தங்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உப்பிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கத் தொடங்கும். இதுதான் வெண்கல நோய்: வெளிர்ப் பச்சையில் மாவு போன்ற புள்ளி, துடைத்தால் போகும், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் வரும். இறுகிய கரும்பச்சைப் படலம் நோய் அல்ல, அது காப்பு, அதைச் சுரண்டாதீர்கள். மாவு உதிரும் பொருளை உடனே தனியாகப் பிரித்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மூடிய பெட்டியில் வையுங்கள். பிறகு வேதியியல் பாதுகாப்பாளரை அழையுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. லக்னோவில் பண்பாட்டுப் பொருள்களுக்கான தேசியப் பாதுகாப்பு ஆய்வகமும் அதன் கிளை மைசூரிலும் உண்டு. இவர்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

நல்ல நிலையிலுள்ள பித்தளைக்கு மென்தூரிகையால் தூசி துடைப்பது போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு. ஒருமுறை மட்டும் மெருகேற்ற வேண்டுமென்றால் மிக நுண்ணிய சுண்ணக்கட்டித் தூளை (கால்சியம் கார்பனேட்)க் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து மெல்லத் தேய்த்து, வழித்துத் துடைத்து, மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகை மெல்லப் பூசுங்கள். அதன்பின் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

பேழைக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்த சிலிக்கா ஜெல் வைப்பார்கள். செருப்புப் பெட்டியில் வரும் இரண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பயனில்லை என்பார்கள். பேழையின் உள்ளளவில் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது கணக்கு, அதுவும் கதவு இடுக்கு நன்றாக அடைபட்டிருந்தால்தான். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். ஈரம் ஏறியதும் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். பேழையைச் செய்யும் பலகையும் முக்கியம். புதிய பிளைவுட்டும் எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகையும் விடும் ஆவி ஈயத்தையும் பித்தளையையும் அரிக்கும். வண்ணப் பொடி சுட்ட இரும்புச் சட்டமும் கண்ணாடியுமே நல்லது.

தஞ்சாவூர் ஓவியத்தின் அமைப்பு தெரிந்தால்தான் அது ஏன் கெடுகிறது என்று புரியும். பலாப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, அதன்மேல் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியும் பசையும் கலந்த பூச்சு, அதில் பதித்த கற்கள், பொன்தகடு, வண்ணம். ஒவ்வொரு அடுக்கும் ஈரத்துக்கு ஒவ்வொரு அளவில் விரியும். பார்வை நேரத்தில் குளிர்சாதனம் ஓட்டி, மாலையில் அணைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் பலகை சுருங்கி விரியும். சில மாதத்தில் பூச்சு துணியைவிட்டுக் கிளம்பும், தகடு செதிலாக உதிரும். இரவும் பகலும் ஓட்ட முடியாவிட்டால் குளிர்சாதனமே வேண்டாம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள அந்த வீடுகள் வெப்பத்தைத் தாமாகவே மெதுவாக ஏற்றி இறக்கும், அந்த நிதானம்தான் பொருளுக்கு வேண்டும். ஈரத்துணியால் பொன்தகட்டைத் துடைக்காதீர்கள். சட்டத்தின் கண்ணாடி, ஓவியத்தைத் தொடாதபடி உள்ளே இடைக்கட்டை வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் பின்னால் இரண்டு விரற்கடை இடம் விட்டு மாட்டுங்கள். பலகையின் பின்பக்கத்தில் குண்டூசித் தலையளவு துளையும் அடியில் மாவும் இருந்தால் வண்டு வேலை செய்கிறது, அதைப் பிற ஓவியங்களிலிருந்து அன்றே பிரியுங்கள்.

வெளிச்சம் பற்றிப் பேசும்போது எல்லோரும் வளவை (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியை) காட்டி மகிழ்வார்கள். முற்றத்தில் விழும் பகல் வெளிச்சம் பல்லாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதைச் சுற்றிய தாழ்வாரச் சுவரில் ரவிவர்மா அச்சுப்படத்தையும் கண்டாங்கிச் சேலையையும் தொங்கவிடுவது அவற்றை அழிப்பதற்குச் சமம். துணி, காகிதம், நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ்தான் வரம்பு. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. அதே சேலைக்கு 500 லக்ஸ் விழுந்தால் அந்த ஓராண்டுக் கணக்கு 30 நாளில் தீர்ந்துவிடும். எல்.இ.டி. என்றால் கெடாது என்பது தவறான நம்பிக்கை, புற ஊதா குறைவே தவிர ஒளி ஒளிதான். லக்ஸ் மானி ஒன்று வாங்கி, பொருளின் முகத்தருகே வைத்து அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். சேலைகளை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி ஓய்வு கொடுங்கள். வளவில் கல்லும் உலோகமும் இருக்கட்டும்.

கட்டடமும் பொருள்தான் என்பதை மறக்க வேண்டாம். முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் துளைபோட்டு ஆணி அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பொருக்குவிடும். ஆத்தங்குடி ஓட்டுக்கு அமிலம் கலந்த தரை திரவம் ஆகாது.

காட்சிக்கு வைக்காத பொருள் எங்கே இருக்கும்? பெரும்பாலும் பின்கட்டில், கழிவறைக்குப் பக்கத்து இருட்டறையில். சேமிப்பறைக்கு வீட்டின் நல்ல அறைகளில் ஒன்றைக் கொடுங்கள். மேலே தண்ணீர்க் குழாய் இருக்கக்கூடாது. இரும்பு அடுக்கின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரைவிட்டு விலகி நிற்க வேண்டும். அப்போதுதான் கரையான் பாதை ஏறுவது கண்ணில் படும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் அமிலம் ஏறும். அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால் காடாத்துணியை வெளுப்பான் போடாமல் இரண்டுமுறை அலசிக் கஞ்சி போக்கிப் பயன்படுத்தலாம். சேலையை மடிக்காமல், துணி சுற்றிய உருளையில் சுருட்டுங்கள், மடிப்பில்தான் சரிகை முறியும். நாப்தலீன் உருண்டை வேண்டாம், உள்ளே வேலை செய்பவருக்கும் கெடுதல். பூச்சி விழுந்த துணியையும் காகிதத்தையும் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் விடுங்கள், உடனே பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பொருளின்மேல் படியும். ஓவியப் பலகை, தந்தம், அரக்கு வேலை இவற்றுக்கு இந்த முறை கூடாது.

தீ: பழைய வீட்டின் பழைய மின்கம்பிதான் முதல் ஆபத்து. தேக்கு உத்தரத்தில் படர்ந்த கம்பியை முழுதும் எடுத்துவிட்டு உலோகக் குழாயில் புதிதாக இழுங்கள், கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் போடுங்கள், இரவில் முதன்மை ஸ்விட்சை அணையுங்கள். 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது, ஓர் இரவில் சேகரிப்பு போனது. அணைப்பானிலும் கவனம் வேண்டும்: ஏ.பி.சி. உலர்பொடி தீயை அணைக்கும், ஆனால் அந்தப் பொடி ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பேழை அறைகளில் கரியமில வாயு அணைப்பானும் சேர்ந்து இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பற்றி. குடும்பத்தில் திருமணம் என்றால் வெள்ளிக் குத்துவிளக்கையும் பெரிய பித்தளை அடுக்கையும் "நாலு நாளுக்கு" எடுத்துப்போவது இயல்பாக நடக்கும். திரும்பி வரும்போது ஒரு முகம் நெளிந்திருக்கும், சில சமயம் வேறு விளக்கே வரும். அறக்கட்டளைக்குக் கொடுத்தபின் அது வீட்டுச் சாமான் அல்ல. வெளியே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் நகர்வுப் பதிவேடு வேண்டும்: யார், எதற்கு, எந்த நாள், எந்த நிலையில், திரும்பியபோது எந்த நிலையில். அறங்காவலருக்கும் விதிவிலக்கு இல்லை என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். அறக்கட்டளை கலைந்தால் சேகரிப்பு எந்த அருங்காட்சியகத்துக்குப் போகும் என்பதையும் இப்போதே, எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்தப் பொருளையும் விற்க மூன்றில் இரண்டு பங்கு அறங்காவலர்களோடு வெளி வல்லுநர் ஒருவரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும் என்று வையுங்கள்.

ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்தில் நான்கு தீர்மானங்களைக் கேட்கிறோம். முழுநேரப் பதிவாளர் ஒருவரை, வழிகாட்டிக்கும் காவலாளிக்கும் முன்பாக நியமிப்பது. பேழைக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைச் சேமிப்பறைக்கும் பதிவுக்கும் மாற்றுவது. வீட்டின் விவரம் தெரிந்த மூத்தோரிடம், அவர்கள் நடமாடும்போதே, அறை அறையாக அழைத்துச் சென்று ஒலிப்பதிவு செய்வது. பதிவேட்டின் கடைசி வரி நிரம்பும்வரை அழைப்பிதழ் அச்சிடாமல் இருப்பது. பதிவேட்டுப் பக்கத்தின் மாதிரியும், தானப் பத்திரம், இரவல் ஒப்பந்தம், நகர்வுப் பதிவேடு ஆகியவற்றின் படிவங்களும் தமிழிலேயே எங்களிடம் உள்ளன. கேட்கும் எந்த அறக்கட்டளைக்கும் கட்டணமின்றித் தருவோம், பதிவாளருக்கு முதல் நூறு பொருள்களை உடனிருந்து எழுதிக் காட்டவும் வருவோம்.

இப்படிக்கு,
அருங்காட்சியகப் பதிவு, பாதுகாப்புப் பணியில் உள்ளோர்